இடுப்பு முறிவு: திருகா, பிளேட்டா, நெயிலா, செயற்கைப் பந்தா?

பினாங்கில் ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், மறுநாளுக்குள் பிள்ளைகள் கையில் ஒரு தாள் வந்துவிடும். டி.எச்.எஸ்., பி.எஃப்.என்.ஏ., பைபோலார் என்று ஏதோ ஒரு பெயர், பக்கத்தில் ஒரு விலை. மூத்தவர் விலையைப் பார்ப்பார். இளையவர் எந்தக் கம்பெனி என்று கேட்பார். சுங்கை பட்டாணியிலிருந்து போனில் பேசும் மருமகன், "எங்க அத்தைக்கு முழு மூட்டும் மாத்தினாங்க, நல்லா நடக்கிறாங்க, அதையே போடச் சொல்லுங்க" என்பார். மூன்று பேரும் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, எலும்பு எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்பதுதான். அத்தைக்கு உடைந்த இடம் வேறு, பாட்டிக்கு உடைந்த இடம் வேறு என்றால், அத்தைக்குப் பொருந்திய சாமான் பாட்டிக்குப் பொருந்தாது.

இடுப்பெலும்பு உடைந்தது என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் உடைவது தொடை எலும்பின் மேல்முனை. அங்கே ஒரு பந்து, பந்துக்குக் கீழே சாய்ந்த ஒரு கழுத்து, கழுத்துக்குக் கீழே வெளிப்பக்கம் பெரிய முண்டு, உட்பக்கம் சின்ன முண்டு. பந்தையும் கழுத்தையும் ஒரு தடித்த பை சுற்றி மூடியிருக்கும். பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரும்பகுதி கீழிருந்து கழுத்தை ஒட்டி மேலேறுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

பைக்குள், கழுத்தில் உடைந்து துண்டு விலகிவிட்டால் அந்தக் குழாய்கள் கிழிகின்றன, பந்து பட்டினி கிடக்கிறது. சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ அது செத்து உள்வாங்கலாம். பைக்கு வெளியே, முண்டுகளுக்கு இடையில் உடைந்தால் ரத்தத்துக்குக் குறைவே இல்லை, எலும்பு ஒட்டத்தான் செய்யும். ஆனால் நாலு பக்கமும் பெரிய தசைகள் இழுக்கின்றன. ஆக, மேலே உடைந்தால் "பந்து பிழைக்குமா?" என்பது கேள்வி. கீழே உடைந்தால் "எலும்பு ஒட்டும்வரை உலோகம் தாங்குமா?" என்பது கேள்வி. செயற்கைப் பந்து முதல் கேள்விக்கான விடை. பிளேட்டும், எலும்பின் உட்குழலுக்குள் இறக்கும் உலோகக் கோலான நெயிலும் இரண்டாவதற்கான விடை.

இத்துடன் ஆளையும் பார்க்க வேண்டும். வயதானவருக்கு உடம்பு தாங்குவது பெரும்பாலும் ஒரே ஒரு அறுவைதான். அந்த ஒன்று முடிந்த மறுநாளே முழு எடையையும் ஊன்றி நிற்க முடியவேண்டும். "காலை லேசாக மட்டும் ஊன்றுங்கள்" என்பது நாற்பது வயதுக்காரருக்கு நடக்கும். எண்பது வயது அம்மாவால் முடியாது. கைகளில் அந்தப் பலமும் இல்லை, எவ்வளவு எடை போகிறது என்ற கணக்கும் இல்லை. பயந்து படுத்துவிடுவார். படுத்தால் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு. வயதானவருக்கான இம்பிளாண்ட், அதாவது உள்ளே வைக்கும் சாமான், எதுவாக இருந்தாலும் இந்தச் சோதனையில் முதலில் தேறவேண்டும்.

கழுத்து உடைந்து, துண்டு நகராதபோது

இங்கே பந்துக்கு இன்னும் ரத்தம் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் இருந்த இடத்திலேயே பிடித்து வைப்பதுதான் வழக்கம். அதற்கு இரண்டு வழி: நடுவில் துளையுள்ள மூன்று திருகுகள், அல்லது சறுக்கும் திருகோடு கூடிய பிளேட்டான டி.எச்.எஸ்.

மூன்று திருகு என்றால் சின்னக் கீறல், குறைந்த ரத்த இழப்பு, குறைந்த விலை. 6.5 அல்லது 7.3 மில்லிமீட்டர் தடிமன். தலைகீழ் முக்கோணமாக, அதாவது கீழே ஒன்று, மேலே இரண்டு என்று வைப்பார்கள். கீழ்த்திருகு கழுத்தின் அடிப்புறக் கெட்டி எலும்பை உரசியபடி போகவேண்டும், பின்திருகு பின்புற எலும்பை உரசியபடி. நடுவில் மிதக்கும் திருகு தாங்காது. மரை முழுவதும் முறிவுக் கோட்டைத் தாண்டிப் பந்துக்குள் இருக்கவேண்டும். மரை கோட்டிலேயே நின்றால் இரண்டு துண்டும் நெருங்கவிடாமல் அதுவே தடுத்துவிடும். இன்னொரு தவறு கீழே நடக்கும். திருகை நுழைக்கும் துளை சின்ன முண்டின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், அந்தத் துளை இருக்கும் இடத்திலேயே சில வாரங்களில் தொடை எலும்பு புதிதாக உடையக்கூடும். திருகுக்கு வழிகாட்டும் கம்பியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து என்று பல துளை போட்டாலும் அதே ஆபத்துதான்.

டி.எச்.எஸ். தடித்த ஒரு திருகைப் பந்துக்குள் விட்டு, அதன் வாலைப் பக்கவாட்டுப் பிளேட்டின் குழலுக்குள் சறுக்க விடுகிறது. கீறல் கொஞ்சம் பெரிது. ஆனால் கழுத்தின் அடிவாரத்தில் உடைந்தாலோ கோடு செங்குத்தாக ஓடினாலோ பிடிமானம் இதில்தான் நல்லது. ஒற்றைத் தடித்திருகு உள்ளே போகும்போது பந்து சேர்ந்து சுழலக்கூடும். அதைத் தடுக்க மேலே இன்னொரு சின்னத் திருகும் போடுவார்கள்.

இரண்டில் எது மேல்? 2017இல் வெளிவந்த ஃபெயித் ஆய்வு 50 வயதைத் தாண்டிய 1,108 பேரிடம் இதைத்தான் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மறு அறுவைக்குப் போனவர்கள் டி.எச்.எஸ்.ஸில் 20 விழுக்காடு, திருகுகளில் 22. பெரிய வித்தியாசம் இல்லை. பந்து செத்துப்போனது டி.எச்.எஸ்.ஸில் கூடுதல், 9க்கு 5. ஆனால் புகைப்பவர்களுக்கும், கழுத்தின் அடிவாரத்தில் உடைந்தவர்களுக்கும், துண்டு விலகியிருந்தவர்களுக்கும் டி.எச்.எஸ். நல்ல பலன் தந்தது. அப்பா இன்னும் சிகரெட் பிடிக்கிறார் என்றால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இம்பிளாண்டைத் தேர்ந்தெடுப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஐந்தில் ஒருவர் மறு அறுவைக்குப் போகிறார் என்ற எண்ணை லேசாகத் தாண்டிப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. "நகரவில்லை, சின்னத் திருகுதான்" என்று கேட்டதும் குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் முன்னிருந்து எடுத்த எக்ஸ்ரேயில், அதாவது நேர்ப்படத்தில், நகராதது போலத் தெரிவது பக்கவாட்டுப் படத்தில் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு 20 டிகிரியைத் தொட்டால் திருகு தோற்கும் வாய்ப்பு ஏறுகிறது. எண்பதைத் தாண்டிய, எலும்பு மெலிந்த ஒருவருக்கு அப்படிச் சாய்ந்திருந்தால், முதலிலேயே செயற்கைப் பந்து வைப்பதைப் பற்றிப் பேசுவது நியாயம். பக்கவாட்டுப் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அறுபதுக்குக் கீழே இருப்பவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தை உடைத்துக்கொண்டு வந்தால் கதையே வேறு. துண்டு விலகியிருந்தாலும் சொந்தப் பந்தைக் காப்பாற்றவே முதல் முயற்சி. எலும்பைச் சரியாகச் சேர்ப்பது பாதி வேலை. கோடு செங்குத்தாக இருந்தால் மூன்று திருகை மட்டும் நம்பாமல், கோணம் மாறாமல் பிடிக்கும் கருவி, அதாவது டி.எச்.எஸ்.ஸோ அந்த வகைப் புதுக் கருவியோ வேண்டும். இவர்களுக்குப் பிற்காலத்தில் இன்னொரு அறுவை வரக்கூடும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கழுத்து உடைந்து, துண்டு விலகியபோது

வயதானவர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதில் சொந்தப் பந்தை ஒட்டவைக்க முயல்வதைவிட எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பதே மேல். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. கேள்வி அதற்குப் பிறகு வருகிறது: பாதி மூட்டா, முழு மூட்டா? சிமென்ட்டோடா, சிமென்ட் இல்லாமலா?

பாதி மூட்டு என்றால் பந்தும் அதன் தண்டும் மட்டும் புதிது. இடுப்புக் கிண்ணம் சொந்தக் கிண்ணம். முழு மூட்டில் கிண்ணமும் மாறும். முழு மூட்டுதான் உயர்ந்தது, காசுக்காகப் பாதியை வைக்கிறார்கள் என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. 2019இல் வந்த ஹெல்த் ஆய்வில் 50 வயதைக் கடந்த, விழுவதற்கு முன் தானாக நடந்த 1,495 பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் அதே இடுப்பில் மறு அறுவை: முழு மூட்டு 7.9 விழுக்காடு, பாதி மூட்டு 8.3. மூட்டு நழுவுவது அல்லது நிலைகொள்ளாமல் போவது: முழு மூட்டில் 4.7, பாதியில் 2.4. நடமாட்டத்தில் முழு மூட்டுக்கு இருந்த மேன்மை மிகச் சிறியது.

அப்படியானால் யாருக்கு எது? தண்ணீர்மலைக் கோயிலை வைத்துச் சொல்லலாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறித் தைப்பூசத்துக்கு முருகனைப் பார்த்துவிட்டு வந்தவர், அறிவு தெளிவாக இருப்பவர், இதயமும் நுரையீரலும் நீண்ட அறுவையைத் தாங்கக்கூடியவர், இன்னும் பத்து ஆண்டு நன்றாக நடக்கப்போகிறவர் என்றால் முழு மூட்டைக் கேட்பதில் பொருள் உண்டு. பாதி மூட்டின் பந்து அவருடைய சொந்தக் குருத்தெலும்பை ஆண்டுக்கணக்கில் தேய்த்து வலியைக் கொண்டுவரும். ஏற்கெனவே அந்த மூட்டில் தேய்மானம் இருந்தவருக்கும் முழு மூட்டுதான். படுக்கையிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து வாசல் நாற்காலிக்கும் மட்டும் நடப்பவருக்கு, மறதி நோய் உள்ளவருக்கு, பாதி மூட்டே சரி. அறுவை நேரம் குறைவு, ரத்த இழப்பு குறைவு, நழுவும் பயமும் குறைவு. "இப்படிக் குனியக்கூடாது" என்று சொன்னதை நினைவில் வைக்க முடியாதவருக்கு நழுவும் மூட்டு பெரிய ஆபத்து.

பாதி மூட்டிலேயே ஒற்றைப் பந்து, பைபோலார் என்று இரண்டு. பைபோலாரில் பந்துக்குள் பந்து. உட்பந்து அசைவதால் கிண்ணம் குறைவாகத் தேயும் என்பது எண்ணம். நடப்பில் மூத்தவர்களிடம் அந்த நன்மை தெளிவாகத் தெரிந்ததில்லை. பல பேருக்குச் சில காலத்தில் உள் அசைவு குறைந்து, அது ஒற்றைப் பந்தாகவே நடந்துகொள்கிறது. கையில் காசு இறுக்கமாக இருந்தால் பைபோலாருக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தக் காசில் ஒரு நல்ல நடைச்சட்டமும் கொமோட் நாற்காலியும் வாங்கலாம். பைபோலாரா இல்லையா என்பதைவிடத் தண்டு எப்படிப்பட்டது என்பதே முக்கியம். ஆஸ்டின் மூர் போன்ற பழைய தண்டுகள் எலும்புக்குள் ஆடி, தொடை வலியைக் கொடுத்து, மெல்ல உள்ளே இறங்கிவிடும்.

அதனால்தான் சிமென்ட் பேச்சு. வீடு கட்டும் சிமென்ட் அல்ல. தூளையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடத்தில் இறுகும் பிளாஸ்டிக். மெலிந்த எலும்பின் உட்குழல் வயதாக வயதாக அகன்று, நேர்க்குழாய் போல ஆகிவிடும். அதற்குள் சிமென்ட் இல்லாத தண்டை இறுக்கமாக அடித்து உட்கார வைத்தால், அடிக்கும்போதே எலும்பு விரியலாம், அல்லது வீட்டுக்குப் போன பிறகு உடையலாம். 60 வயதைத் தாண்டிய 1,225 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் தண்டைச் சுற்றி எலும்பு உடைந்தது சிமென்ட்டில் 0.5 விழுக்காடு, சிமென்ட் இல்லாததில் 2.1. சிமென்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரமும் கொஞ்சம் மேலாக இருந்தது.

சிமென்ட்டைப் பற்றிய பயம் பொய்யல்ல. அது உள்ளே இறங்கும் நேரத்தில் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் திடீரென்று சரியலாம். குழலுக்குள் அழுத்தம் ஏறும்போது கொழுப்பும் மஜ்ஜையும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போவதுதான் காரணம். அதனால் அறுவை அறையில் அந்தச் சில நிமிடங்களுக்குத் தனி ஒழுங்கு உண்டு. குழலின் அடியில் ஓர் அடைப்பு வைக்கிறார்கள். நீரை வேகமாகப் பீய்ச்சி மஜ்ஜையைக் கழுவுகிறார்கள். உறிஞ்சி, துணி திணித்து உலர்த்துகிறார்கள். "சிமென்ட் போடப்போகிறோம்" என்று மயக்க மருத்துவரிடம் உரக்கச் சொல்லி, அவர் தயார் என்ற பிறகே கலக்குகிறார்கள். துப்பாக்கி போன்ற கருவியால் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பி, தண்டை இறக்கி, இறுகும்வரை அசைக்காமல் பிடிக்கிறார்கள். அறை வெப்பம் ஏறினால் சிமென்ட் சீக்கிரம் இறுகித் தண்டு பாதியில் நின்றுவிடும். நம் ஊர் வெப்பத்தில் அறுவை அறையைக் குளிராக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதயம் மிகவும் பலவீனமானவருக்கு, நுரையீரல் நோய் முற்றியவருக்குச் சிமென்ட் வேண்டாம் என்று மருத்துவர் முடிவெடுத்தால் அதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அதே 2022 ஆய்வில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் சிமென்ட்டில் 23.9 விழுக்காடு, சிமென்ட் இல்லாததில் 27.8. சிமென்ட்டால் சாவு கூடும் என்ற பயத்துக்கு இதில் ஆதரவு இல்லை. நாலில் ஒருவர் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதைத்தான் இங்கே குடும்பத்தார் கவனிக்கவேண்டும். இடுப்பு முறிவு எவ்வளவு பெரிய நோய் என்பதை அது காட்டுகிறது.

முண்டுகளுக்கு இடையில் உடைந்தபோது

இங்கேதான் டி.எச்.எஸ்.ஸும் நெயிலும் போட்டி போடுகின்றன. விலையும் இங்கேதான் பெரிதாக விலகும், நெயில் கூடுதல்.

உடைவு நிலையானதாக இருந்தால், அதாவது இரண்டு மூன்று துண்டுதான், உட்புற எலும்பு முட்டுக்கொடுத்து நிற்கிறது, வெளிச்சுவர் முழுதாக இருக்கிறது என்றால், டி.எச்.எஸ். போதும். பல ஆய்வுகளில் நெயில் இதைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் இப்படிப்பட்ட உடைவுக்கு டி.எச்.எஸ்.ஸையே முன்வைக்கிறது. 135 டிகிரிப் பிளேட், பந்துக்குள் ஒரு தடித்திருகு, தொடை எலும்பின் தண்டில் சில திருகுகள். நடக்க நடக்கத் துண்டுகள் ஒன்றின் மீது ஒன்று அமுங்கி இறுகும்படி தடித்திருகு குழலுக்குள் சறுக்கும். இந்தச் சறுக்கல்தான் அதன் பலம்.

சறுக்கலுக்கு எல்லை வேண்டும். பெரிய முண்டுக்குக் கீழே உள்ள வெளிச்சுவர்தான் அந்த எல்லை. அது உடைந்துவிட்டால் பந்தும் கழுத்தும் கேட்பாரற்று வெளியே சரியும். 2007இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வில், டி.எச்.எஸ். வைத்தவர்களில் வெளிச்சுவர் உடைந்தவர்களுக்கு மறு அறுவை 22 விழுக்காடு, உடையாதவர்களுக்கு 3. அந்தச் சுவர் பெரும்பாலும் உடைந்தது அறுவை நடக்கும்போதே, தடித்திருகுக்காகப் பெரிய துளை போடும்போது. சுவரின் தடிமன் 20.5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடையும் ஆபத்து அதிகம் என்று பிறகு ஓர் ஆய்வு அளவு கொடுத்தது. சுவர் மெலிந்திருந்தால், துண்டுகள் பலவாக இருந்தால், சின்ன முண்டு பெரிய துண்டாகப் பிரிந்திருந்தால் நெயில் பக்கம் சாய்வது சரி.

கோடு தலைகீழாக, உள்ளே மேலும் வெளியே கீழுமாக ஓடினால் பேச்சுக்கே இடமில்லை. அங்கே சறுக்கல் முறிவை இறுக்காமல் பிரித்துவிடும். மேயோ கிளினிக் 2001இல் வெளியிட்ட தொகுப்பில் இத்தகைய உடைவுக்குச் சறுக்கும் இடுப்புத் திருகு வைத்த 16 பேரில் 9 பேருக்குத் தோற்றது. இதற்கு நெயில்தான். சின்ன முண்டுக்குக் கீழே உடைந்தால் நீண்ட நெயில், முழங்கால் அருகே வரை. எலும்பு மெலிவுக்கான மாத்திரைகளைப் பல ஆண்டு தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குச் சாதாரணத் தடுமாற்றத்திலேயே தொடையில் குறுக்காக உடையும் ஒரு விசேஷ முறிவு உண்டு. அதற்கும் நீண்ட நெயில்தான், மறக்காமல் அடுத்த காலையும் படம் எடுக்கவேண்டும். நம் வீட்டு மூதாட்டிகள் பலருக்குத் தொடை எலும்பு முன்பக்கம் வில்லாக வளைந்திருக்கும். நேரான நீண்ட நெயிலின் நுனி முழங்காலுக்கு மேலே முன்சுவரை இடிக்கக்கூடும். நெயிலின் வளைவும் எலும்பின் வளைவும் ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே படத்தில் பார்ப்பது நல்ல மருத்துவரின் அடையாளம்.

நெயிலில் எல்லாவற்றையும் "பி.எஃப்.என்." என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பழைய பி.எஃப்.என்.னில் பந்துக்குள் இரண்டு திருகு. அதில் ஒன்று வெளியே வர, மற்றது பந்தைத் துளைத்து உள்ளே போகும் கோளாறு இருந்தது. பி.எஃப்.என்.ஏ.யில் இரண்டுக்குப் பதில் ஒரே சுருள் அலகு. துளையிட்டு எலும்பை வெளியே எடுக்காமல், அடித்து உள்ளே செலுத்துவதால் சுற்றியுள்ள பஞ்செலும்பை அது அமுக்கி இறுக்கும். பி.எஃப்.என்.ஏ.-2 என்பது ஆசியர்களின் சின்ன எலும்புக்காக மேற்புறத்தை மாற்றி அமைத்தது. நம் அம்மாக்களுக்குப் பெரும்பாலும் அதுவே பொருந்தும். காமா நெயில் அலகுக்குப் பதில் தடித்திருகை வைத்திருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வித்தியாசத்தைவிட, வைத்த இடத்தின் வித்தியாசமே ஆளை நடக்க வைக்கிறது அல்லது மறுபடி படுக்க வைக்கிறது.

வைத்த இடத்தை அளக்க ஒரு எளிய அளவு இருக்கிறது. நேர்ப்படத்தில் திருகின் நுனியிலிருந்து பந்தின் உச்சிக்கு உள்ள தூரம், பக்கவாட்டுப் படத்தில் அதே தூரம், இரண்டையும் கூட்டவேண்டும். படம் எலும்பைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் திருகை வைத்தே அளவைத் திருத்தலாம். திருகுத் தண்டின் உண்மையான விட்டம் 8 மில்லிமீட்டர், திரையில் 10 என்று தெரிகிறது என்றால், அளந்த தூரத்தை 0.8ஆல் பெருக்கவேண்டும். நேரில் 14, பக்கத்தில் 15 என்று அளந்தால் கூட்டு 29, திருத்தினால் ஏறக்குறைய 23. 25க்குள் இருந்தால் நிம்மதி. 1995இல் இந்த அளவைக் கொண்டுவந்த ஆய்வில் 198 முறிவுகள். கூட்டுத்தொகை 25 அல்லது அதற்குக் கீழே இருந்த ஒருவருக்குக்கூடத் திருகு பந்தைக் கிழித்து வெளியே வரவில்லை. கிழித்தவர்களின் சராசரி 38. சுருள் அலகுக்கு மட்டும் சின்ன மாற்றம் உண்டு. அது பந்தின் ஓட்டுக்கு மிக நெருக்கமாகப் போனால் நேராகத் துளைத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் போகலாம், அதனால் 20க்குக் கீழே கொண்டுபோகாமல் நிறுத்துவார்கள்.

அந்த அளவும் எலும்பைச் சரியாகச் சேர்த்த பிறகே பலிக்கும். நெயில் உள்ளே போனால் முறிவு தானாக நேராகிவிடும் என்று நினைத்து அவசரப்படுவதுதான் இந்த அறுவையில் நடக்கும் பெரிய தவறு. இழுவை மேசையில் காலை இழுத்து, திருப்பி, சி-ஆர்ம் என்ற அறுவை அறை எக்ஸ்ரே படத்தில் கழுத்தின் கோணம் சரியான பிறகே முதல் கம்பி போகவேண்டும். கோணம் உள்வாங்கிய நிலையிலேயே நெயில் வைத்தால், எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும் சில வாரத்தில் திருகு மேல்நோக்கிக் கிழிக்கும். அறுவைக்குப் பிறகு எடுத்த படத்தைக் காட்டி, "கோணம் சரியா, நுனித் தூரம் எவ்வளவு" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் முகம் சுளிக்கமாட்டார்.

கையெழுத்துக்கு முன்னால், பணமும் நேரமும்

அறுவை விழுந்த அன்றோ மறுநாளோ நடந்தால் நல்லது. இரண்டு நாளைத் தாண்டித் தள்ளிப்போக நல்ல காரணம் இருக்கவேண்டும். வார்பரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் உறைதலைச் சரிசெய்வது நல்ல காரணம். ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுகிறார் என்பது காரணமே அல்ல. முதலில் சீன வைத்தியரான சின்சேயிடம் உருவிப் பார்ப்போம் என்பதும் அல்ல. நகராத முறிவை உருவி நகர்த்திவிட்டால், திருகில் முடிய வேண்டியது செயற்கைப் பந்தில் போய் நிற்கும்.

அரசு மருத்துவமனையில் படுக்கைக் கட்டணம் சொற்பம். ஆனால் இம்பிளாண்டைக் குடும்பம் தனியாக வாங்கித் தரவேண்டி வருவது உண்டு, தாமதம் பெரும்பாலும் அங்கேதான். தாள் கைக்கு வந்த அதே மணிநேரத்தில் வார்டு தாதியிடம் மருத்துவச் சமூகநலப் பிரிவுக்கு எழுதச் சொல்லுங்கள். நோயாளி அரசாங்க ஓய்வூதியக்காரர் என்றால் பொதுச் சேவைத் துறை வழியாகக் கருவிச் செலவைக் கோரலாம். வேலைக்குப் போகும் வழியில் விழுந்தவர் என்றால் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ. குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இருப்பவருக்கு மருத்துவக் கருவி உதவி என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆயுளுக்கு 20,000 மலேசிய வெள்ளி வரை. அடையாள அட்டை நகல், வருமானச் சான்று, மருத்துவர் எழுதிய தாள் இவற்றை ஒரே உறையில் போட்டு வைத்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சமாகும். ஜார்ஜ் டவுனில் பாட்டி, பட்டர்வொர்த்தில் பிள்ளை, கோலாலம்பூரில் பணம் அனுப்பும் மகள் என்று குடும்பம் பிரிந்திருந்தால், முடிவைச் சொல்லும் ஒருவரை முதலிலேயே தீர்மானித்து, அவர் எண்ணை வார்டில் கொடுத்துவிடுங்கள்.

செயற்கைப் பந்து வைத்தவருக்கு எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பின்பக்கமாகத் திறந்திருந்தால் இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்குவது, காலைக் குறுக்கே போடுவது, பாதத்தை உள்ளே திருப்புவது மூன்றும் சேர்ந்தால் மூட்டு நழுவும். குந்தி உட்காரும் கழிவறை, தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வது, பூசையறையில் சம்மணம் எல்லாமே இடுப்பை அளவுக்கு மீறி மடக்கும் நிலைகள்தான். மைவி போன்ற தாழ்ந்த காரில் இருக்கைமேல் கெட்டியான தலையணை போட்டு, முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுக்கவேண்டும். பக்கவாட்டில் திறந்திருந்தால் நழுவும் பயம் குறைவு, நடையில் சில மாதம் சாய்வு இருக்கும். நெயிலோ டி.எச்.எஸ்.ஸோ வைத்தவருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் கிடையாது. சொந்தப் பந்து சொந்தக் கிண்ணத்தில் இருக்கிறது, நழுவாது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு, நெயில் வைத்த அம்மாவை மூன்று மாதம் நாற்காலியை விட்டு இறக்காத வீடுகள் உண்டு, பாவம்.

எது வைத்தாலும் உடைந்தது மெலிந்த எலும்பு என்பது மாறாது. மற்ற இடுப்பு அடுத்த வரிசையில் நிற்கிறது. வீட்டுக்குப் போகும் முன் எலும்பு மெலிவுக்கான மருந்து பற்றிக் கேளுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த மருந்து என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு இம்பிளாண்ட் பெட்டியிலும் பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சடித்த ஒட்டுத்தாள் இருக்கும். அறுவைக் குறிப்பில் அதை ஒட்டுவார்கள். வார்டை விட்டுக் கிளம்பும் முன் அதைப் போனில் படம் எடுத்து, மூன்று பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் அந்த நெயிலைக் கழற்ற வேண்டி வந்தால், எந்தத் திருப்புளி அதற்குப் பொருந்தும் என்பதை அந்தச் சின்னத் தாள்தான் சொல்லும். அது இல்லாமல் உள்ளே போன மருத்துவர், எலும்பை வெட்டி உலோகத்தை எடுக்கும்படி ஆகிவிடலாம்.